நாரி நோவோடு நிறை குறைக்க: வீட்டுப் பயிற்சிகளில் எது, யாருக்கு?

நிறையைக் குறைக்கச் சொல்லி வைத்தியர் சொல்லிவிட்டார்; குனிந்தால் நாரி, அதாவது கீழ் முதுகு, பிடிக்கிறது. இந்த நிலையில் இருப்பவர்கள் வழக்கமாகத் தேடுவது எந்தப் பயிற்சி கூடுதலாகக் கலோரி எரிக்கும் என்பதைத்தான். நாரி நோ உள்ளவருக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. 85 கிலோ நிறையுள்ள ஒருவர் 20 நிமிடம் துள்ளிக் குதித்தால் ஏறக்குறைய 225 கிலோகலோரி செலவாகும். அதே ஆள் மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால் 150தான். ஆனால் இரண்டு நாள் துள்ளிவிட்டு மிச்ச ஐந்து நாளும் நாரியைப் பிடித்துக்கொண்டு படுத்தால் கிழமைக்கு 450. ஆறு நாள் நடந்தவருக்கு 900. ஆகவே எந்தப் பயிற்சியைப் பார்த்தாலும், இன்று செய்தால் நாளைக்கும் செய்ய விடுமா என்று கேட்டுத்தான் தெரிவு செய்ய வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிறுநீர் போகாமல் அடைத்தாலோ, கட்டுப்பாடின்றிப் போனாலோ, மலவாசலைச் சுற்றியும் தொடையின் உட்பக்கமும் விறைத்து உணர்வு குறைந்தாலோ, பாதம் தூக்க முடியாமல் இழுபட்டாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். தேவையென்றால் 1990க்கு அழையுங்கள். காய்ச்சலோடு வரும் நாரி நோ, விழுந்த பின் வந்த நோ, காரணமில்லாமல் நிறை குறைவதோடு சேர்ந்த நோ, புற்றுநோய் வந்தவருக்கு வரும் புது நோ, இவையும் வைத்தியர் பார்க்காமல் பயிற்சி தொடங்கக் கூடாதவை. 45 வயதுக்குக் கீழே, மூன்று மாதத்துக்கு மேலாக, காலையில் அரை மணி நேரத்துக்கும் கூடுதலாக விறைப்பு, படுத்தால் கூடும், நடமாடினால் குறையும் என்றால் அது வாதச் சம்பந்தமானதாக இருக்கலாம். அதையும் காட்டியே ஆக வேண்டும்.

உங்கள் நாரிக்கு எது ஆகாது?

எக்ஸ்-றேயை விட, தெரிவுக்குக் கூடுதலாக உதவுவது இரண்டு நாள் கவனிப்பு. எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று பாருங்கள்.

திருவலையில் குந்தித் தேங்காய் திருவும்போது, முற்றம் கூட்டும்போது, கொழும்பு பஸ்சில் ஏழெட்டு மணி நேரம் இருந்து எழும்பும்போது கூடுகிறதா? நடந்தால், குப்புறப் படுத்தால் சற்று இலேசாகிறதா? அப்படியென்றால் உங்களுக்குக் குனிவு ஆகாது. முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில் மெத்தை போல இருக்கும் வட்டில் (டிஸ்க்) சிக்கல் உள்ளவர்களில் பலர் இந்தக் கூட்டம்.

மாறாக, கோயில் திருவிழாவில் நின்றால், சந்தையில் நடந்தால், மேலே கையை உயர்த்தி உடுப்புக் காயப் போட்டால் கூடி, ஒரு கதிரையில் குந்தியதும் சட்டென்று இறங்குகிறதா? அப்படியென்றால் நிமிர்வு ஆகாது. ஐம்பது, ஐம்பத்தைந்து தாண்டியவர்களுக்கு, நடக்க நடக்கக் கால் கனத்து விறைத்து, முன்பக்கம் சாய்ந்ததும் விடுகிறதென்றால் நரம்புகள் போகும் முள்ளந்தண்டுக் குழாய் ஒடுங்கியிருக்கலாம்.

இரண்டும் இல்லாமல், எல்லாத் திசையிலும் கொஞ்சம் கொஞ்சம், பின்னேரம் அலுப்போடு கூடும் நோ என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. கீழே சொல்லும் பெரும்பாலானவை உங்களுக்கு ஒத்துவரும்.

துள்ளும் வீடியோக்கள்

வீட்டில் இடம் குறைவு, மழைக்கும் பிரச்சினை இல்லை, காசும் செலவில்லை. அதனால்தான் எல்லோரும் இதில் தொடங்குகிறார்கள். சிக்கல் துள்ளலில் மட்டும் இல்லை. வேகத்தைத் திரை தீர்மானிக்கிறது. பத்தாவது, பன்னிரண்டாவது நிமிடத்தில் தொடை களைத்ததும் முழங்கால் மடியாமல் காலை ஊன்றுகிறோம். அதிர்வு நேராக நாரிக்கு ஏறுகிறது. வெறுங்காலோடு ரைல்ஸில் துள்ளினால் இன்னும் மோசம். பேர்ப்பி என்ற ஒன்று இருக்கிறதே, குனிந்து, கையூன்றி, பின்னால் பாய்ந்து, எழும்பித் துள்ளுவது. குனிவு ஆகாதவருக்கும் நிமிர்வு ஆகாதவருக்கும் ஒரே மூச்சில் தீங்கு செய்யும் வேறு பயிற்சி கண்டுபிடிப்பது கஷ்டம்.

வயிற்றுக்கென்று அந்த வீடியோக்களில் வரும் முழு எழும்பலும் அப்படித்தான். மல்லாந்து படுத்து முழுதாக எழும்பிக் குந்தும்போது முள்ளந்தண்டில் விழும் அமுக்கத்தைக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முள்ளந்தண்டைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஸ்டுவர்ட் மெக்கில் அளந்திருக்கிறார்: ஏறக்குறைய 3300 நியூட்டன், அதாவது 330 கிலோவுக்கு மேற்பட்ட பாரம் அமுக்குவது போல. நாளுக்கு ஐம்பது தடவை அதைக் கொடுத்தாலும் வயிற்றுக் கொழுப்பு அந்த இடத்தில் மட்டும் கரையப் போவதில்லை.

நோ இல்லாமல் மூன்று மாதம் ஓடிய பிறகு, துள்ளாமல் காலை மாற்றி வைத்துச் செய்யும் இலேசான வடிவத்தை விரும்பினால் பாருங்கள். அதுவரை எங்கள் பட்டியலில் இதற்கு இடமில்லை.

நடை

மந்தமாகத் தெரிந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு முதல் தெரிவு இதுதான். 2024இல் லான்செட் சஞ்சிகையில் வந்த அவுஸ்திரேலிய ஆய்வில், நாரி நோ வந்து மாறிய 701 பேரைப் பார்த்தார்கள். படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு நோ திரும்பி வர நடுவளவில் 208 நாள் ஆனது. எதுவும் செய்யாதவர்களுக்கு 112 நாள். நடந்தவர்களுக்கு இயன்மருத்துவரின் வழிகாட்டலும் இருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

தொடங்கும்போது 10 நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை. நோ கூடவில்லையென்றால் ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு நடைக்கும் 2 நிமிடம் கூட்டுங்கள். ஒரு நடை 20 நிமிடத்தைத் தொட்டதும் இரண்டையும் இணைத்து, கிழமைக்கு ஐந்தாறு நாள் 30 முதல் 40 நிமிடத்தில் நிறுத்தலாம். வேகம்? பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. இதைவிட மெதுவாக நடந்தால் நிறைக்குப் பிரயோசனம் குறைவு. ஆறுதலாக அசைந்து நடப்பது நாரிக்கும் நல்லதில்லை. கையை வீசி விறுவிறுவென்று நடக்கும்போது முள்ளந்தண்டில் சுமை குறைவு.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரமான எங்கள் பக்கம் இடத்தைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்ல வேண்டும். கல்லடி, நாவலடி, கல்முனை, காரைதீவுக் கடற்கரை மணலில் நடப்பது நல்லதென்று ஒரு பேச்சு இருக்கிறது. உலர்ந்த மணலில் கால் புதைவதால் செலவாகும் சக்தி கெட்டித் தரையை விட இரண்டு மடங்குக்குப் போகும் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு அடியிலும் குதி அமிழ்ந்து இடுப்பு முறுகுகிறது. அலையோரத்து ஈர மணல் கெட்டிதான். அதில் சரிவு இருக்கிறது. ஒரே திசையில் அரை மணி நேரம் போனால் கடல்பக்கக் கால் கீழேயும் கரைப்பக்கக் கால் மேலேயும் ஊன்றி, ஒரு கால் கட்டையானவர் நடந்தது போலாகும். முதல் எட்டுக் கிழமை தார் ரோடோ கொங்கிறீற்று ஒழுங்கையோ போதும். அதன் பிறகு மணலில் நடக்க ஆசையென்றால் ஐந்து நிமிடம் போய், ஐந்து நிமிடம் திரும்புங்கள். றப்பர்ச் செருப்பு வேண்டாம். விரலால் அதைப் பிடித்துக்கொண்டு நடப்பதிலேயே கெண்டைக்கால் இறுகிவிடும். குதி தடித்த சப்பாத்தோ, பின்வார் உள்ள செருப்போ போடுங்கள்.

நேரம் காலை 5.30க்கும் 6.45க்கும் இடையில், அல்லது பின்னேரம் 5.30க்குப் பிறகு. சித்திரை தொடங்கி ஆவணி வரை ஏழரை மணி வெயிலே ஆளை வாட்டிவிடும். நாய்க்காகத் தடி கொண்டு போகிறவர்கள் அதை ஒரே கையில் இறுக்கிப் பிடித்துத் தோளை ஒருபக்கம் சரிக்காமல் கை மாற்றிப் பிடியுங்கள். இன்சுலினோ சீனி வருத்தக் குளிசையோ பாவிப்பவர்கள் வெறுவயிற்றில் நெடுநேரம் நடக்க வேண்டாம். பொக்கற்றில் இரண்டு டொபியாவது இருக்கட்டும். கார்த்திகை முதல் தை வரை ஒழுங்கையில் வெள்ளம் நிற்கும் நாட்களில் விறாந்தையில் நடக்கலாம். இல்லையென்றால் 15 சென்டிமீற்றர் உயரப் படியொன்றில் ஒரு நிமிடம் ஏறி இறங்கி, ஒரு நிமிடம் நின்று, பத்துத் தடவை. காத்தான்குடி, சாய்ந்தமருது போல வீடுகள் நெருங்கிய ஊர்களில் பெண்களுக்கு மொட்டைமாடி நல்ல இடம். திரும்பும் மூலைகளில் மட்டும் காலைத் தூக்கி வைத்துத் திரும்ப வேண்டும். பாதத்தை ஊன்றியபடியே இடுப்பை முறுக்கக் கூடாது.

நிமிர்வு ஆகாதவருக்கு நடை முதல் தெரிவு ஆகாது. ஐந்து நிமிடம் நடந்து, மதிலில் குந்தி ஒரு நிமிடம் முன்னால் சாய்ந்து, மறுபடி ஐந்து நிமிடம் என்று துண்டு துண்டாகச் செய்தால் ஒத்துவரும். அவருக்கு இன்னும் நல்ல வழி சைக்கிள்.

சைக்கிள்

வீட்டுக்கு ஒரு சைக்கிள் நிற்கும் பக்கம் இது. புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை. நேரான கைபிடி உள்ள சாதாரண சைக்கிளில், இருக்கையின் உயரத்தை மட்டும் சரிபாருங்கள்: குதியைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் நிற்கும்போது கால் நேராக நீள வேண்டும். இருக்கை பதிந்திருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு பின்னால் சுருளும். முழங்காலும் நோகும். மெதுவாக ஓடினாலும் நடையை விடச் சற்றுக் கூடுதலாகவே கலோரி போகும். குனிந்து பிடிக்கும் பந்தய சைக்கிள் குனிவு ஆகாதவருக்கு வேண்டாம். குழி விழுந்த கிறவல் ரோடு யாருக்குமே வேண்டாம். படுவான்கரையில் வயல்வெளி ரோடுகளில் ஓடுகிறவர்கள் ரயருக்குக் காற்றைக் கல்லுப் போல இறுக்காமல் கொஞ்சம் குறைத்து அடிக்கலாம்.

தரைப் பயிற்சி

இதில் கலோரி பெரிதாகப் போகாது. 15 நிமிடத்துக்கு எழுபது, எண்பது இருக்கும். இருந்தும் இதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் செய்கிறவர்கள்தான் மூன்றாம் மாதத்தில் மறுபடி நாரியைப் பிடிக்கிறார்கள். சாப்பாட்டைக் குறைக்கும்போது கொழுப்போடு தசையும் போகும். அதைத் தடுப்பதும் இதுதான்.

மெக்கில் பரிந்துரைக்கும் மூன்று அசைவுகள் போதும். முதலாவது: மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மடித்து, இரண்டு கையையும் நாரியின் வளைவுக்குக் கீழே வைத்து, தலையையும் தோளையும் தரையிலிருந்து ஒரு விரலளவு மட்டும் கிளப்பிப் பத்து விநாடி பிடித்தல். நாரி கையை அமுக்கக் கூடாது. இரண்டாவது: பக்கவாட்டில் முழங்கையிலும் மடித்த முழங்காலிலும் ஊன்றி இடுப்பைத் தூக்கிப் பத்து விநாடி. மூன்றாவது: நான்கு காலில் நிற்பது போல் ஊன்றி, வலக் கையையும் இடக் காலையும் ஒன்றாக நீட்டிப் பத்து விநாடி, பிறகு மறுபக்கம். ஒவ்வொன்றும் பக்கத்துக்கு ஆறு தடவை, சற்று ஓய்ந்து நான்கு, பிறகு இரண்டு. பத்து விநாடியை முப்பதாக நீட்டுவதை விடத் தடவைகளைக் கூட்டுவது நல்லது. மூச்சை அடக்கவே கூடாது, பிறஷர் உள்ளவர்கள் முக்கியமாக. வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாகப் போகும்.

மூன்றாவதில்தான் பிழை கூடுதல். காலை உயரத் தூக்கினால் நல்லதென்று நினைத்து நாரியை வளைத்துவிடுகிறார்கள். நாரியின் மேல் ஒரு வெறும் சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள். இடுப்பு சரிந்தால் அது உருளும். கால் இடுப்பு மட்டத்துக்கு மேல் போகத் தேவையில்லை.

இவற்றோடு கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பிக் குந்துவது, எட்டுத் தடவையாக மூன்று சுற்று. பிளாஸ்ரிக் கதிரை ரைல்ஸில் பின்னால் வழுக்கும்; சுவரோடு அணைத்து வையுங்கள். பன்பாயும் அப்படித்தான், ரைல்ஸில் ஓடும். கீழே ஈரம் பிழிந்த துவாயொன்றை விரித்தால் நிற்கும். வெறும் சீமெந்தில் முழங்கால் நோகும் என்பவர்கள் போர்வையை நாலாக மடித்துப் போடலாம்.

காலையில் எழும்பிய முதல் ஒரு மணி நேரம் குனியும் பயிற்சி எதுவும் வேண்டாம். இரவு படுத்திருக்கும்போது வட்டுகள் நீரை இழுத்து உப்புகின்றன. அப்போது குனிந்தால் அவற்றில் விழும் அழுத்தம் கூடுதல். அதே காரணத்துக்காகத்தான் விடியற்காலையில் குனிந்து முற்றம் கூட்டுவதும் கெடுதல். ஈர்க்குமாற்றில் ஒரு நீட்டுத் தடியைக் கட்டுங்கள். முப்பது நிமிடப் பயிற்சியால் கிடைத்ததைப் பத்து நிமிடக் கூட்டல் தின்றுவிடுவதைத் தடுக்க அந்தத் தடி ஒன்றே போதும். தேங்காயை மேசையில் பூட்டும் திருவலையில் நின்றபடி திருவலாம்.

யோகாவும் தண்ணீரும்

யோகா நாட்பட்ட நாரி நோவுக்கு உதவும். ஆனால் சூரிய நமஸ்காரம் என்ற பெயரில் வீட்டில் செய்வது முழுக்குனிவும் முழுநிமிர்வும் மாறி மாறி வரும் தொடர். அதில் பாதி உங்களுக்கு ஆகாத பாதி. குனிவு ஆகாதவர் புஜங்காசனத்தை (குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்குவது) முழங்கை ஊன்றிய அளவில் செய்யலாம், பாலாசனத்தை (முழங்காலை மடித்து இருந்து முன்னால் கவிழ்வது) விட வேண்டும்; நிமிர்வு ஆகாதவருக்கு நேர் எதிர். நேரில் பார்த்துத் திருத்தும் ஆசிரியர் கிடைத்தால் நல்லது. அரை மணி நேரத்துக்கு ஏறக்குறைய 105 கிலோகலோரிதான் போகும், ஆகவே நிறைக்கு இதை மட்டும் நம்ப வேண்டாம்.

தண்ணீரில் நடப்பது நாரிக்கு மிக இதம். இடுப்பளவு ஆழத்தில் உடல் நிறையில் ஏறக்குறையப் பாதியைத் தண்ணீர் சுமக்கிறது. பாசிக்குடாவில் நெடுந்தூரம் ஆழம் குறைவு, அலையும் இல்லை. ஆனால் மட்டக்களப்பு நகரத்திலிருந்து அங்கே தினமும் போக முடியாது. மாரியில் வேறு கடல்களில் இறங்குவதை யோசிக்கவே வேண்டாம். வாவியில் முதலை உண்டு. மாதத்தில் ஓரிரு நாள் சந்தோஷத்துக்குச் செய்யுங்கள்.

நாரிப் பெல்ட், இடுப்பைச் சுற்றி அதிரும் மெஷின், வயிற்றுச் சில்லு என்று விற்பவற்றுக்குக் காசு போக்காதீர்கள். நாட்பட்ட நாரி நோவுக்குப் பெல்ட்டைப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2023 டிசம்பர் வழிகாட்டியே சொல்கிறது.

எதோடு எதைச் சேர்ப்பது

குனிவு ஆகாதவர்: நடை ஆறு நாள், தரைப் பயிற்சி நான்கு நாள், பின்னேரத்தில். நிமிர்வு ஆகாதவர்: சைக்கிள் ஐந்து நாள் 20 நிமிடத்திலிருந்து, துண்டு நடை இரண்டு நாள், தரைப் பயிற்சி நான்கு நாள். பொதுவான நோ உள்ளவர் பிடித்ததைத் தெரிவு செய்யலாம். கிழமைக்கு 150 நிமிடம் மூச்சு வாங்கும் வேலை, இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. 100 கிலோவைத் தாண்டியவர்கள், முழங்காலும் நோகிறவர்கள் படியேறுவதை விட்டுச் சைக்கிளில் தொடங்குங்கள்.

நிறையைப் பற்றி ஒளிக்காமல் சொன்னால், கிழமைக்கு 900 கிலோகலோரி நடையால் மாதத்துக்கு ஏறக்குறைய அரைக் கிலோதான் இறங்கும். ஒரு கிலோ கொழுப்பென்பது ஏறக்குறைய 7700 கிலோகலோரி. மிச்சம் சாப்பாட்டில்தான். நாளுக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி என்றால் 160 கிலோகலோரி. அன்றைய நடை முழுவதும் அதிலேயே போய்விட்டது. சீனியை அரைக் கரண்டிக்கு இறக்குங்கள், இரவுச் சோற்றில் ஒரு கோப்பையைக் குறையுங்கள், இந்த இரண்டும் சேர்ந்தாலே நாளுக்கு 250ஐத் தாண்டும். புட்டுக்குத் தேங்காய்ப்பூவைப் பாதியாக்குங்கள். மீனைக் குறைக்காதீர்கள், பொரிப்பதைக் குறையுங்கள். மாதத்துக்கு இரண்டு கிலோ இறங்கினால் அது நல்ல வேகம். 85 கிலோக்காரருக்கு நான்கு கிலோ இறங்கினாலே படி ஏறுவதிலும் கட்டிலிலிருந்து எழும்புவதிலும் மாற்றம் தெரியும்.

பயிற்சி நேரத்தில் நோ பத்துக்கு மூன்று வரை இருந்தால் தொடரலாம். அடுத்த நாள் காலையில் முந்திய அளவுக்குத் திரும்பியிருக்க வேண்டும். இல்லையென்றால் நேற்றுச் செய்ததில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள், ஆனால் முழுதாக நிறுத்திப் படுக்காதீர்கள். நோ காலிலிருந்து மேலேறி நாரிக்குள் ஒடுங்கினால், அந்த இடத்தில் கூடினது போலத் தெரிந்தாலும் நல்ல அறிகுறி. நாரியிலிருந்து இறங்கிக் குண்டி, தொடை, கெண்டைக்கால் என்று போனால் அன்றைய பயிற்சி உங்களுக்கானதில்லை. ஆறு கிழமையாகியும் அப்படியே இறங்கிக்கொண்டிருந்தால், அரச வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவில் காட்டி இயன்மருத்துவருக்கு ஒரு துண்டு கேளுங்கள். போகும்போது எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று குறித்த தாளையும் கொண்டு போங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.